முகா ஹெட் லைட்ஹவுஸ் போகணுமா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

ஸ்கூல் லீவு ஆரம்பிச்சா கேஎல் (கோலாலம்பூர்), ஈப்போ, குளிம்னு எல்லா பக்கத்துல இருந்தும் சொந்தக்காரங்க பினாங்குக்கு வந்துடுவாங்க. கொடிமலை, கெக் லோக் சி, லிட்டில் இந்தியா எல்லாம் முடிஞ்சதும் யாராச்சும் ஒருத்தர் "அந்த காட்டுக்குள்ள ஒரு லைட்ஹவுஸ் இருக்காமே, போலாமா"ன்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் வாட்ஸப்ல ஒரே கேள்வி திரும்ப திரும்ப வரும். எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதி வச்சுட்டா நல்லதுன்னு தோணுச்சு. கேள்விகளை அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

லைட்ஹவுஸ்னா கோட்டைகிட்ட, எஸ்பிளனேட் பக்கம் வெள்ளையா கப்பல் பாய்மரம் கணக்கா நிக்குதே, அது தானே?

இல்லங்க, அது வேற. அது ஜார்ஜ்டவுன்ல கார்ன்வாலிஸ் கோட்டையோட ஓரத்துல இருக்கறது, 1882ல கட்டினது, இரும்புக் கம்பி சட்டத்துல 21 மீட்டர் உயரம். டவுனுக்குள்ளயே இருக்கறதால அதைப் பாக்கறது ரொம்ப ஈஸி.

முகா ஹெட் லைட்ஹவுஸ் தீவோட வடமேற்கு மூலையில, தெலுக் பஹாங் தாண்டி பினாங்கு தேசியப் பூங்கா காட்டுக்குள்ள ஒரு மலை உச்சியில இருக்கு. 1883ல கட்டினது, அதாவது கோட்டை லைட்ஹவுஸுக்கு ஒரு வருஷம் தான் சின்னது. இது கிரானைட் கல்லுல கட்டினது. காடியை, அதாவது காரை, கொண்டு போய் பக்கத்துல நிறுத்தி போட்டோ எடுத்துட்டு வர்ற எடம் இல்ல, ஒரு நாள் முழுசா ஒதுக்கணும்.

டிக்கெட் இருக்கா? ஐசி (அடையாள அட்டை) கொண்டு போகணுமா?

முன்னாடி பேர் எழுதிட்டு ஃப்ரீயா போய்ட்டு இருந்தோம், இப்ப பூங்காவுக்குள்ள நுழைய கட்டணம் இருக்கு, மலேசியருக்கு ஒரு ரேட்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு அதை விட நல்லாவே கூட. தமிழ்நாட்டுல இருந்து சொந்தக்காரங்களை கூட்டிட்டு வர்றவங்க இதை முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க, கவுண்டர்ல நின்னு திகைக்க வேணாம். ஐசி கண்டிப்பா எடுத்துட்டு போங்க, வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட்.

எந்தப் பாதையில போறீங்க, எத்தனை பேருன்னு கேப்பாங்க, சரியா சொல்லுங்க. சாயந்திரம் யாராச்சும் திரும்பலைன்னா அந்தப் பேரை வச்சு தான் தேட ஆரம்பிப்பாங்க, அதனால "சும்மா முன்னாடி வரைக்கும் தான்"னு சொல்லிட்டு மலை ஏறப் போயிடாதீங்க.

காடி இல்ல. பஸ்ல போக முடியுமா?

முடியும். ஜார்ஜ்டவுன் ஜெட்டியில (படகுத்துறையில) இருந்தோ, கொம்தார் கட்டடத்துல இருந்தோ ரேபிட் பினாங்கு 101 பஸ் ஏறுங்க, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியா தெலுக் பஹாங் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், சனி ஞாயிறுல பத்து பெரிங்கி ஜேம்ல மாட்டினா இன்னும் கூட ஆகும். ஏர்போர்ட் பக்கத்துல தங்கறவங்களுக்கு 102 இருக்கு.

கிராப் டாக்ஸியில போறது ஈஸி, திரும்ப வர்றப்போ தான் தெலுக் பஹாங்ல கிராப் கெடைக்க சில நேரம் ரொம்ப நேரம் ஆகும். சாயந்திரம் பஸ்ஸையே நம்பறது நல்லது.

எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் ஆகும்? எத்தனை மணிக்கு கெளம்பணும்?

இது தான் எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி, ஆனா முக்கால்வாசி பேர் இதை கடைசியா தான் கேக்கறாங்க. பூங்கா வாசல்ல இருந்து மங்கி பீச், அதாவது தெலுக் டுயோங் வரைக்கும் மூணரை கிலோமீட்டர் கிட்ட, கடலோரமாவே காட்டுப்பாதை, சாதாரணமா நடக்கறவங்களுக்கு ஒன்றரை மணி நேரம். பீச்சோட அந்தக் கோடியில இருந்து லைட்ஹவுஸுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல, அது முழுக்க ஏத்தம், அரை மணியில இருந்து முக்கால் மணி. மேல கொஞ்ச நேரம், கீழ எறங்கற நேரம், பீச்ல சாப்பாடு, மறுபடி மூணரை கிலோமீட்டர்னு எல்லாத்தையும் கூட்டுங்க, ஆறு ஏழு மணி நேரம் சாதாரணமா போயிடும்.

பூங்கா ஆஃபீஸ் காலையில 8 மணிக்கு தொறக்கும், சாயந்திரம் 5 மணிக்கு மூடும். அதனால 8 மணிக்கே வாசல்ல நில்லுங்க. "பொறுமையா பசியாறிட்டு ஒரு பதினொரு மணிக்கு போலாம்"னு பெரியவங்க சொல்வாங்க, அங்க தான் எல்லாம் கெட்டுப் போகுது. நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணே ஒண்ணு: கெளம்பறதுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு திரும்பறதுன்னு முடிவு பண்ணுங்க. மதியம் 1 மணிக்குள்ள ஏத்தத்தோட அடிவாரத்துக்கு வந்து சேரலைன்னா அன்னைக்கு லைட்ஹவுஸ் வேணாம், பீச்சோட திரும்பிடுங்க. பத்து நிமிஷ தூரம் தானேன்னு தோணும், அது பத்து நிமிஷம் இல்ல. காட்டுக்குள்ள ஆறரைக்கே இருட்டு கட்டிடும், வெளிய இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே உள்ள கால் வைக்கற எடம் தெரியாது.

நடந்து போறதா, போட்ல போறதா? எது நல்லது?

வாசலுக்கு பக்கத்துலயே ஜெட்டி இருக்கு, அங்க போட்காரங்க இருப்பாங்க. மங்கி பீச்சுக்கு கொஞ்ச நேரத்துல கொண்டு போய் விட்டுடுவாங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு இல்லாம பெரும்பாலும் போட்டுக்கு இவ்வளவுன்னு பேசறதால நாலஞ்சு பேரா சேர்ந்து போனா கட்டுப்படியாகும்.

என்னைக் கேட்டா போறப்போ நடந்து போங்க, வர்றப்போ போட்ல வாங்க. காலையில உடம்புல தெம்பு இருக்கும், பாதையும் குளிர்ச்சியா இருக்கும், மலை ஏறி எறங்கின காலோட மூணரை கிலோமீட்டர் திரும்ப நடக்கறது தான் பலருக்கு முடியறதில்ல, கால் வழுக்கி விழறதும் பெரும்பாலும் அந்த நேரத்துல தான். போகும்போதே ஜெட்டியில பேசி, இத்தனை மணிக்கு வந்து ஏத்திக்கோங்கன்னு சொல்லி, போன் நம்பர் வாங்கிக்கோங்க. காசு முழுசையும் முன்னாடியே குடுத்துடாதீங்க, பாதி இப்ப, பாதி திரும்ப வந்ததும்னு பேசறது வழக்கம் தான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, போட்லயே போயிட்டு போட்லயே வந்தாலும் லைட்ஹவுஸ் ஏத்தம் ஏத்தம் தான், அதுக்கு போட் கெடையாது.

பாதையில வழி தவறிடுமா? கைடு வேணுமா?

மங்கி பீச் வரைக்கும் கைடு தேவையில்ல. வாசல்ல இருந்து கொஞ்ச தூரம் நல்ல நடைபாதை, அப்புறம் ஒரு பிரிவு வரும், நேரா கடலோரமா போனா மங்கி பீச், இடது பக்கம் மேல ஏறினா பந்தாய் கெராச்சுட்ங்கற இன்னொரு பீச். போர்டு இருக்கு, பாத்து திரும்புங்க. கடல் எப்பவும் உங்க வலது கைப் பக்கமே இருந்தா சரியான பாதையில இருக்கீங்க.

அதுக்கப்புறம் பாதை மாறிடும். மரத்து வேர் குறுக்க குறுக்க ஓடி அதுவே படிக்கட்டா இருக்கும், சில எடத்துல பாறையைச் சுத்திப் போகணும், மழைக்கு அப்புறம் மரம் விழுந்து கெடக்கும், குனிஞ்சோ தாண்டியோ போகணும். பாதி வழியில தெலுக் ஆலிங்ல யுஎஸ்எம்மோட (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கடல் ஆராய்ச்சி நிலையம் வரும், அதோட ஜெட்டி தெரிஞ்சா பாதிக்கு மேல வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்கலாம். பாதை மூடியிருக்கான்னு மட்டும் அன்னைக்கு காலையில கவுண்டர்ல கேளுங்க, மண் சரிஞ்சா சில பகுதியை மூடிடுவாங்க, மூடின பாதையில கயித்தை தாண்டி போகவே போகாதீங்க.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி. அவங்களை கூட்டிட்டு வரலாமா?

மங்கி பீச் வரைக்கும் போட்ல கூட்டிட்டு வாங்க, தாராளமா. நெழல்ல பாய் போட்டு உக்காந்து கடலைப் பாத்துட்டு இருக்கலாம். லைட்ஹவுஸுக்கு வேணாம். ஏறும்போது மூச்சு தான் வாங்கும், எறங்கும்போது தான் முட்டிக்கு அடி. மேல போய் "என்னால எறங்க முடியலப்பா"ன்னு சொன்னா தூக்கிட்டு எறங்கறது ரெண்டு மூணு பேருக்கும் ஆபத்து.

அம்மா கூட கண்டிப்பா ஒருத்தர் கீழ இருக்கணும். குரங்குக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு பையோட வயசானவங்களை தனியா விட்டுட்டு போறதை பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

லைட்ஹவுஸ் உள்ள ஏறலாமா?

லைட்ஹவுஸ் மலேசிய கடல்துறையோட சொத்து, அது இன்னும் கப்பலுக்கு வேலை செய்யற விளக்கு, டூரிஸ்ட் கோபுரம் கெடையாது. அதனால உள்ள விடறதும் விடாததும் அவங்க முடிவு. சில காலம் வளாகத்துக்குள்ள விட்டிருக்காங்க, சில காலம் கேட்டு பூட்டியே இருந்திருக்கு. "என் ஃப்ரெண்டு மேல ஏறி போட்டோ போட்டிருந்தானே"ன்னு கெளம்பாதீங்க, அது என்னைக்கு எடுத்ததோ. வாசல் கவுண்டர்ல "இன்னைக்கு முகா ஹெட் தொறந்திருக்கா"ன்னு நேரா கேளுங்க.

பூட்டியிருந்தா வேலி ஏறிக் குதிக்கறது வேணவே வேணாம். அங்க வேலை செய்யறவங்களுக்கும் தொந்தரவு, உங்க உயிருக்கும் ஆபத்து. அன்னைக்கு உள்ள விடமாட்டாங்கன்னு தெரிஞ்சா, ஏத்தத்தை விட்டுட்டு பீச்ல நேரத்தை செலவு பண்ணுங்க, எனக்கு அதுல எந்தக் குறையும் தெரியல.

டவர் 14 மீட்டர் தானாமே? அவ்ளோ சின்ன டவருக்கா இவ்ளோ தூரம் நடக்கணும்?

டவர் சின்னது தான், ஆனா அது நிக்கற மலையைச் சேர்த்து கணக்கு போடுங்க. விளக்கு கடல் மட்டத்துல இருந்து 240 மீட்டருக்கு மேல இருக்கு. தைப்பூசத்துல தேர் பாக்க அப்பா தோள்ல உக்காந்திருக்கற கொழந்தைக்கு தனியா உயரம் எதுக்கு? அந்தக் கணக்கு தான் இதுவும். மலையே பெரிய வேலையை செஞ்சுடுது, அதனால கட்டினவங்க டவரை குட்டையா முடிச்சுட்டாங்க.

பூமி உருண்டையா இருக்கறதால விளக்கு எவ்ளோ உயரத்துல இருக்கோ அவ்ளோ தூரம் கடல்மேல தெரியும். 21 மீட்டர் உயரத்துல இருந்து பாத்தா அடிவானம் 16 கிலோமீட்டர் கிட்ட, 240 மீட்டர்ல இருந்து பாத்தா 55 கிலோமீட்டர் கிட்ட. கோட்டை லைட்ஹவுஸ் துறைமுகத்து வாயிலைக் காட்டறதுக்கு, முகா ஹெட் தூரக் கடல்ல வர்ற கப்பலுக்கு தீவோட மூலை எங்க இருக்குன்னு காட்டறதுக்கு. ஒரு வருஷ இடைவெளியில ரெண்டையும் கட்டினாங்கன்னா காரணம் இல்லாம இல்ல, அப்ப பினாங்கு துறைமுகத்துக்கு நீராவிக் கப்பல் போக்குவரத்து பெருகிட்டு இருந்த காலம்.

மேல இருந்து பாத்தா மலாக்கா நீரிணை விரிஞ்சு கெடக்கும், வானம் தெளிவா இருந்தா வடகிழக்குல கெடா பக்கம் குனோங் ஜெராய் நிக்கறது தெரியும். ஜெராய் 1,217 மீட்டர், அது அடியில தான் பூஜாங் பள்ளத்தாக்கு. மழைக் காலத்துல பாதி நாள் மேகம் தான் தெரியும், அதையும் சொல்லிடறேன்.

எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தாராம். அவர் பாத்த வெளிச்சம் இதுவா இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவங்க ஒரு வயசான அம்மா, அவங்களுக்காகவே இதை எழுதணும்னு நெனச்சேன். ரஜூலா 1926ல கட்டின கப்பல், 1970கள் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர்னு ஓடிட்டு இருந்துச்சு. நம்ம ஆளுங்க எத்தனையோ குடும்பம் அதுல வந்து எறங்கினவங்க தான்.

நாகப்பட்டினத்துல கெளம்பின கப்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமத்ராவோட வட முனையைச் சுத்தி மலாக்கா நீரிணைக்குள்ள வரும். அந்தப் பக்கத்துல இருந்து பினாங்கு துறைமுகத்துக்கு வரணும்னா தீவோட வடகரை ஓரமா வரணும், வடமேற்கு மூலையில இருக்கறது முகா ஹெட். ரஜூலா ஓட ஆரம்பிக்கறதுக்கு 40 வருஷத்துக்கு முன்னாடி இருந்தே அங்க விளக்கு எரிஞ்சிட்டு இருக்கு. அதனால தாத்தா வந்த கப்பல் ராத்திரி நேரத்துல கரையை நெருங்கியிருந்தா, டெக்ல நின்னுட்டு இருந்தவங்க டவுன் வெளிச்சத்துக்கு முன்னாடி இந்த விளக்கைத் தான் பாத்திருப்பாங்க. பகல்ல வந்திருந்தா மலை மட்டும் தெரிஞ்சிருக்கும். பல குடும்பத்துல "கப்பல்ல வந்தாங்க"ங்கறதோட கதை நின்னுடும், எந்த மாசம், எந்த நேரம் வந்து சேர்ந்தாங்கன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. வந்து சேர்ந்த நேரம் தெரிஞ்சா நீங்களே இதுக்கு பதில் சொல்லிடலாம்.

மங்கி பீச்ல குரங்கு கடிக்குமா?

கடிக்கும். நீள வால் குரங்கு, கூட்டமா இருக்கும், மனுஷனைப் பாத்து பயமே இல்ல. கையில பிளாஸ்டிக் பை பாத்தா அதுல சாப்பாடுன்னு அதுக்கு தெரியும். பேக்கோட ஜிப்பை பல்லால கடிச்சு, ஒரு கையால பையைப் பிடிச்சு, இன்னொரு கையால இழுத்து தொறக்கறதை கிட்ட நின்னு பாத்திருக்கேன், பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் எடுத்துட்டு போன், பர்ஸ் எல்லாத்தையும் மண்ணுல கொட்டிட்டு போச்சு.

சாப்பாடு குடுக்காதீங்க, பல்லைக் காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்கு கூப்பிடறது. கண்ணுக்கு கண்ணு பாக்காம மெதுவா பின்னாடி நகருங்க. கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு அன்னைக்கே கிளினிக் போங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. மரத்து மேல கண்ணைச் சுத்தி வெள்ளை வளையத்தோட சாம்பல் கலர்ல ஒரு குரங்கு உக்காந்திருந்தா அது லோத்தோங், பாவம் அது இலை தின்னுட்டு பேசாம இருக்கும்.

பீச்ல குளிக்கலாமா?

கால் நனைங்க, அதோட போதும்னு சொல்வேன். அங்க லைஃப்கார்டை நம்பி எறங்க முடியாது, பினாங்கு வடகரையில ஜெல்லி மீனும் உண்டு. பட்டுட்டா கையால தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, வினிகர் இருந்தா ஊத்தி, சீக்கிரமா போட் பிடிச்சு ஆஸ்பத்திரி போங்க. சின்ன பிள்ளைங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க.

சாப்பாடு, தண்ணி, செருப்பு?

தெலுக் பஹாங்லயே நாசி லெமாக்கோ ரொட்டியோ தப்பாவ் (பார்சல்) பண்ணிக்கோங்க. பீச்ல சில நாள் கடை இருக்கும், சில நாள் இருக்காது. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது, ஏத்தத்துல ஒரு சொட்டு கூட கெடைக்காது. சாப்பாட்டை ஜிப்புக்குள்ள, பையோட அடியில வைங்க, காரணம் மேல குரங்கு பதில்ல இருக்கு. சிலிப்பர் வேணாம், பிடிப்புள்ள ஷூ போடுங்க. கொசு மருந்து, மாத்து சட்டை. குப்பையை திரும்ப எடுத்துட்டு வாங்க, தயவு செஞ்சு.

எந்த மாசம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி நல்லா காய்ஞ்சு இருக்கும். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மழை அதிகம், பாதை வழுக்கும், கடலும் பொங்கும். மழையை விட எனக்கு பயம் இடி மின்னல் தான். மலை உச்சியில ஒரு டவர் பக்கத்துல நிக்கறீங்க, வானம் கறுத்தா உடனே எறங்கிடுங்க, போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்.

மேல இருந்து சூரியன் மறையறதைப் பாக்கணும். முடியுமா?

முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. இங்க சூரியன் மறையறதே ஏழு, ஏழரைக்கு, ஆஃபீஸ் 5 மணிக்கு மூடுது. அதுக்கப்புறம் இருட்டுல ஏத்தத்தை எறங்கி, காட்டை தாண்டி வரணும், நேரக் கணக்கை மேல சொன்னேன். சூரியன் மறையறதுக்கு பத்து பெரிங்கி கடற்கரையே அருமை, கோப்பி குடிச்சிட்டே பாக்கலாம்.

கெராச்சுட்டும் லைட்ஹவுஸும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

ரெண்டும் வேற வேற திசை. கெராச்சுட்ல ஆமை பாதுகாப்பு நிலையம் இருக்கு, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்காம அடுக்கடுக்கா நிக்கற ஒரு ஏரியும் இருக்கு, அந்த ஏரி சில மாசத்துல வத்திடும். அதுக்கே ஒரு நாள் ஒதுக்கணும். ஓடி ஓடி ரெண்டையும் பாத்தா எதையும் பாத்த மாதிரி இருக்காது.

நாங்க கேஎல்ல இருக்கோம், பினாங்கு வர லீவு இல்ல. பக்கத்துல ஏதாச்சும்?

கோலா சிலாங்கூர் போங்க, புக்கிட் மெலாவத்தி மேல 1907ல கட்டின லைட்ஹவுஸ் இருக்கு, முட்டி வலிக்கற அம்மாவையும் டிராம்ல கூட்டிட்டு போகலாம். இன்னொண்ணு போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான், கேப் ரச்சாடோன்னும் சொல்வாங்க. போர்த்துக்கீசியர் காலத்துல இருந்தே அங்க விளக்கு இருந்திருக்கு, இப்ப இருக்கற டவர் 1863ல கட்டினது. மார்ச் வாக்குல சுமத்ராவுல இருந்து கழுகு, பருந்து எல்லாம் கூட்டம் கூட்டமா நீரிணையைத் தாண்டி அந்த முனைக்கு தான் வரும், அந்த நேரம் பாத்து போனா ரொம்ப விசேஷம்.

போட் பேசிட்டோம், ஆனா சாயந்திரம் அலை பெருசாகி போட் வரலைன்னா?

நடக்கற விஷயம் தான், அதனால தான் திரும்பற நேரத்தை இவ்வளவு அழுத்தி சொன்னேன். போட்டை 2 மணி, 3 மணிக்குள்ள வரச் சொல்லுங்க, 5 மணிக்கு இல்ல. 3 மணிக்கு வரலைன்னா நடந்தே திரும்பறதுக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும். அரை மணி நேரம் பாருங்க, போன் போடுங்க, சிக்னல் சில எடத்துல இருக்காது, பீச்ல கொஞ்சம் தள்ளிப் போய் பாத்தா கெடைக்கலாம். வரலைன்னா நடக்க ஆரம்பிச்சுடுங்க.

நடக்க முடியாதவங்க கூட இருந்தா அவங்களை பீச்லயே ஒருத்தரோட விட்டுட்டு, ரெண்டு பேர் நடந்து போய் ஆஃபீஸ்ல சொல்லுங்க, தனியா யாரையும் அனுப்பாதீங்க. யாருக்காச்சும் அடிபட்டிருந்தா, சிக்னல் கெடைச்ச உடனே அவசர நம்பர் 999க்கு போன் பண்ணுங்க. ஆளுக்கு ஒரு டார்ச்லைட் பையில இருக்கட்டும், போன் வெளிச்சத்தை நம்பினா பேட்டரி போயிடும், அப்புறம் கூப்பிடறதுக்கும் போன் இருக்காது.